பதினேழாம் எண் லத்தி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் ஐயா அவர்களே! நிலையத்தின் அதிகாரிகளே! சீருடையோடும் சீருடை இல்லாமலும் வந்திருக்கும் காவலர்களே! முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் தலைமைக் காவலர் ஏட்டய்யாவின் மனைவியான அக்கா அவர்களே! சுவரோரம் நிற்கிறவர்களே! உள்ளே வரலாமா, வந்தால் யாராவது முறைப்பார்களா என்று இன்னும் வாசலிலேயே நிற்கிறவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். உள்ளே வாருங்கள். இது ஏட்டய்யாவுக்காகக் கூடிய கூட்டம். அவர் யாரையும் வாசலில் நிறுத்தி வைத்ததில்லை.

நான் நிலையத்தின் பின்கட்டில் உங்கள் சீருடைகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். மூன்று வருடமாகப் போடுகிறேன். உங்களில் பாதிப் பேர் என் குரலை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள். 'நான்கு வரி வாசித்துவிட்டு இறங்கிவிடு' என்று ஒரு தாள் தந்திருக்கிறார்கள். அதில் ஏட்டய்யா மாவீரர் என்று இருக்கிறது. நன்றி கெட்ட ஒருவன் அவருடைய லத்தியையே பிடுங்கி அவரை அடித்துக் கொன்றான் என்று இருக்கிறது. முதல் வரியை நான் மனதார வாசிப்பேன். இரண்டாவதை வாசிக்க என் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

எனக்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பாருங்கள். கையில் லத்தியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அணிவகுப்பு நாளில் எடுத்த படம். அவரிடம் வேறு படமே இல்லையா? அக்காவிடம் கேட்டேன். பன்னிரண்டு படம் கொடுத்தாராம். சிரிக்கும் படம், சைக்கிள் துடைக்கும் படம், மகளின் கல்யாணத்தில் எடுத்த படம். பன்னிரண்டில் லத்தி இருந்தது இது ஒன்றுதான். பெரிதாக்கி மாட்டியது இதைத்தான்! யார் தேர்ந்தெடுத்தார்கள்? எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவரை நான் இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

அவருக்கு நீங்கள் வைத்த பெயர் என்ன? 'மெதுவா ஏட்டு'. கிண்டலுக்குத்தான் வைத்தீர்கள். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். ஜீப் ஓட்டுகிறவரிடமும் சொல்வார், கத்திக்கொண்டு வரும் குடிகாரரிடமும் சொல்வார், சட்டையை அழுத்தித் தேய்க்கும் என்னிடமும் சொல்வார்.

உங்கள் வேலையின் ஆபத்து எனக்குத் தெரியும். நீங்கள் வீட்டில் சொல்லாததை உங்கள் சட்டை எனக்குச் சொல்லும். கல் பட்டுக் கிழிந்த தோள், தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த கை, ஒரு தடவை அமிலம் தெறித்து சல்லடையான பேன்ட். கூட்டத்துக்குப் போகிற நாளில் காலையிலேயே கொல்லையில் நின்று வாந்தி எடுக்கிற இளம் காவலர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டிருக்கிறேன். பயம் கேவலம் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சட்டைகள் சொல்லும். இரத்தக் கறையைச் சூடான தண்ணீரில் போட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும், பச்சைத் தண்ணீரில்தான் போகும். அந்தப் பச்சைத் தண்ணீர் வாளியில் நான் ஊறவைத்த சட்டைகள் பல. ஏட்டய்யாவின் சட்டையில் இருந்த இரத்தம் எப்போதும் அவருடையதாகவே இருந்தது! மற்ற சட்டைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் பேருந்து நிலையத்து மாடிப்படியில் ஒருவர் உடைந்த பாட்டிலோடு நின்றாரே, நினைவிருக்கிறதா? கீழே ஆறு பேர் லத்தியோடு நின்றீர்கள். ஏட்டய்யா போய், அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம்.

"யப்பா, முட்டி வலிக்குது. நீயும் உக்காரு."

"கிட்ட வராத, குத்திருவேன்!"

"நான் எங்க வந்தேன்? உக்காந்துல்ல இருக்கேன். குத்தணும்னா நீதான் இறங்கி வரணும். மெதுவா வா, படி வழுக்கும்."

அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். அதற்காகப் பாட்டிலைக் கீழே போட்டுவிடவில்லை. பிடுங்கும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிவிட்டது. பதினோரு தையல். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "கையைத் தச்சுட்டாங்க பாப்பா. சட்டையை நீதான் தைக்கணும். கைய விட சட்டைக்குத்தான் உங்க அக்கா திட்டுறா."

இப்படிப்பட்ட மனிதரிடமிருந்து லத்தியைப் பிடுங்கினார்களாம். அவரிடம் லத்தி ஏது?

என் அறையைப் பார்த்தவர்கள் இங்கே குறைவு. ஒரே ஒரு ஜன்னல். மேலே கீல் வைத்த பலகை. வெளியே தள்ளி அடியில் முட்டுக் கொடுக்காவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். கரிப்பெட்டி புகையில் கண் எரியும். நான் வேலைக்கு வந்த இரண்டாம் வாரம் ஏட்டய்யா எட்டிப் பார்த்தார். கையிலிருந்த லத்தியை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ரோந்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் அதே வழக்கம்தான். காலையில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு லத்தியை எடுப்பார். நேராக என் அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்து வைப்பார். மாலையில் வந்து எடுத்துப்போய், ரேக்கில் வைத்துக் கையெழுத்துப் போடுவார். ஆய்வாளர் ஐயா அவர்களே, உங்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்குத் தண்டனை கொடுத்திருப்பீர்கள். இனிமேல் கொடுக்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

ஒரு நாள் எனக்கே பயம் வந்து கேட்டேன்.

"ஏட்டய்யா, லத்தி இல்லாம போறீங்களே?"

"யாரு சொன்னா? கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"கையெழுத்து அங்க இருக்கு, லத்தி இங்கல்ல நிக்குது?"

"அதுக்கு இங்க டியூட்டி. என்ன விட ஒழுங்கா பாக்குது. லீவு கேக்கல, டீ கேக்கல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "கையில கம்பு இருந்தா வாய்க்கு சோம்பல் வந்துருது பாப்பா. எனக்கு வாய வெச்சுத்தான் பொழப்பு."

அந்த லத்தியின் பிடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பதினேழு என்று எழுதியிருக்கும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் பதினேழு என்ற எண்ணை எனக்கு வாசிக்கத் தெரியும்!

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், சந்தைக் கொட்டகைகளை இடிக்கக் கூடாது என்று சுமைதூக்குகிறவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று காலையும் ஏட்டய்யா வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்தார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு போனார். மதியம் சந்தையில் கல் பறந்தது. கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரும் ஓடினார்கள், எல்லோரும் ஓங்கினார்கள். புழுதி அடங்கியபோது ஏட்டய்யா தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு லத்தி உடைந்து கிடந்தது. அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் 'நெட்டை' என்று நீங்கள் கூப்பிடும் சுமைதூக்கி. மடியில் வைத்திருந்தவனைத்தான் கொலைகாரன் என்று பிடித்துப் போனீர்கள்.

மாலை ஆறு மணிக்கு நானே ஜன்னலை மூடினேன். பதினேழாம் எண் என் கையில் இருந்தது. அதை எடுத்துப்போய் ரேக்கில் வைக்க அவர் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, தேய்த்த துணிகளைக் கொடுக்க ரைட்டர் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே ரைட்டரும் அவருடைய உதவியாளரும் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உடைஞ்ச லத்தியில நம்பர் இருந்த பிடியே இல்ல. என்ன நம்பர் போடறது?"

"ரெஜிஸ்டர்ல அவரு பேருக்கு நேரா என்ன இருக்கு?"

"பதினேழு."

"அப்ப பதினேழு போடு. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

கேட்டுவிட்டு நான் துணியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள். மன்னிப்பு உங்களிடம் கேட்கவில்லை, வாசலில் நிற்கும் நெட்டையின் அக்காவிடம் கேட்கிறேன்.

அது லத்தி எண்ணை எழுதும்போது நடந்த கைத்தவறுதான் என்று நானும் நினைக்கப் பார்த்தேன். பிறகு சில விஷயங்கள் நடந்தன. நான்காம் நாள் ரைட்டர் என் அறைக்கு வந்தார். மூன்று வருடத்தில் வராதவர். "ஜன்னல ஏம்மா மூடி வெச்சிருக்க?" என்று கேட்டார். சும்மா கேட்டாரா? ஐந்தாம் நாள் எனக்குப் புது மின்சார இஸ்திரிப் பெட்டி வந்தது. "இனிமே புகை இல்ல, ஜன்னலே வேண்டாம்" என்றார்கள். மூன்று வருடம் இருமியபோது வராத பெட்டி இப்போது ஏன் வந்தது? ஏழாம் நாள், வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக ஒருவர் சொன்னார். ஒன்பதாம் நாள் அதே மனிதர், வயசுப் பெண் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறாயே, பார்த்துப் போ என்றார். அக்கறையோடு சொன்னது போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஏட்டய்யா வீட்டு அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்.

இன்று காலை ரேக்கைப் பார்த்தேன். இருபத்திரண்டு துளைகள். பதினேழு மட்டும் காலி. அறிக்கைப்படி அது சரி. ஆனால் பதினேழு உடையவில்லையே! அப்படியானால் உடைந்தது வேறு ஒரு லத்தி. அதன் இடமும் காலியாக இருக்க வேண்டுமல்லவா? காலியாக இல்லை. அங்கே ஒரு லத்தி நிற்கிறது. புது மரம். எண்ணின் பெயின்ட் விரலில் ஒட்டுகிற அளவுக்குப் புதிது. அது எந்த எண் என்று இங்கே சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவர்கள் கேட்கும்போது சொல்வேன். அந்த எண்ணுக்கு நேராக அன்று காலை கையெழுத்துப் போட்டவர் இந்த அரங்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்றும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அண்ணே, நீங்கள் யாராக இருந்தாலும், நீங்கள் ஏட்டய்யாவை அடிக்க நினைத்திருக்க மாட்டீர்கள். புழுதியில், கல் மழையில், பயத்தில் ஓங்கிய கை. முன்னால் வந்து "மெதுவா" என்றவர் யார் என்று தெரிந்திருக்காது. ஏட்டய்யா பிழைத்திருந்தால் மறுநாள் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் மன்னிக்கக்கூடியது அந்த ஒரு அடி மட்டும்தான். அதற்காக இன்னொருவனைத் தூக்குக்கு அனுப்புவதை அவர் மன்னிப்பாரா? பச்சைத் தண்ணீரில் ஊறினால் போகிற கறையைச் சுடுதண்ணீரில் போட்டு நிலைக்க வைக்கிறீர்களே!

இதை ஏன் தனியாக வந்து சொல்லவில்லை என்று மேடையில் இருப்பவர்கள் நினைக்கலாம். தனியாகச் சொன்னால் ஒரு குச்சி காணாமல் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? குச்சிக்கே அப்படி என்றால் இஸ்திரி போடுகிறவளுக்கு? இப்போது முந்நூறு பேருக்குத் தெரியும். நாளைக்கு நான் வேலைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று முந்நூறு பேர் கேட்பீர்கள். கேட்பீர்களா? கேளுங்கள்!

முன்வரிசையில் அக்காவின் நாற்காலியில் சாய்ந்திருக்கிற துணிச் சுருளைப் பாருங்கள். வாசலில் நின்ற காவலர், "என்னம்மா இது, பாயா? நாற்காலி போட்டிருக்கோமே" என்று கேட்டார். அக்கா, "எனக்குக் கீழ உக்காந்துதான் பழக்கம்" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தார். அது பாய் இல்லை. என் இஸ்திரி மேசையின் போர்வை. உள்ளே இருப்பது பதினேழாம் எண். முழுசாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. ஒரு முனையில் ஜன்னல் சட்டம் பதிந்த தழும்பு மட்டும் இருக்கிறது. மூன்று வருடத் தழும்பு. அக்கா, பிரித்துக் காட்டுங்கள்.

ஏட்டய்யா அவர்களே! உங்கள் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் ஒன்று சொல்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு நெட்டையின் வழக்கு நீதிபதி முன் வருகிறது. அக்காவும் நானும் இதை எடுத்துக்கொண்டு நடந்தே போகிறோம். பட்டப்பகலில், நடுச்சாலையில், மெதுவாகப் போகிறோம். கூட வர விரும்புகிறவர்கள் வரலாம். சீருடையில் வருகிறவர்கள் இன்று மாலைக்குள் சட்டையைக் கொடுத்துவிடுங்கள், தேய்த்து வைக்கிறேன்.

இவ்வளவு நாள் ஜன்னலில் நின்ற லத்திக்கு இனி வேறு இடத்தில் டியூட்டி. ஜன்னலுக்கு நான் வேறு குச்சி தேடிக்கொள்கிறேன்.

வணக்கம்.