வராதோரையும் கணக்கில் எடுத்தவருக்கு

கல்லூரிக் கிண்ணத்தின் வாயிலில் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவரே! டென்மார்க்கின் யூலன் பகுதி மழைக்கும் மேற்குக் காற்றுக்கும் ஒதுங்காதவரே! வந்தவரை வரவேற்று, வராதவரை விசாரித்து, இரு கூட்டத்துக்கும் ஒரே கொப்பியில் இடம் கொடுத்த வாயிற்செயலாளர் திரு. பஸ்ரியாம்பிள்ளை நிக்கலஸ் அவர்களே! எங்கள் எல்லோருக்கும் நிக்கலஸ் அண்ணையே! வணக்கம்.

செவிப்புலன் குறைந்துவிட்டதால் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று செப்டெம்பரில் எழுதித் தந்தீர்கள். ஆகவே இங்கே வாசிக்கப்படுவது உங்களுக்கு முழுதாக எட்டாமல் போகலாம். அதற்காகவே இம்மடலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். வீட்டில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறுதலாக வாசியுங்கள். இதில் பாராட்டு மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பாடசாலையையே கல்லூரி என்று அழைத்து வளர்ந்தவர்கள் நாம். அப்படி எட்டுக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இந்த நாட்டில் எட்டு அணிகளாகப் பிரிந்து, 1999 ஆகஸ்டில் கிரின்ஸ்டெட் மைதானத்தில் முதலாவது உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு மோதினார்கள். அன்று ஆட்டக்காரருக்கு உடுப்பு இருந்தது, நடுவருக்கு விசில் இருந்தது, வாயிலுக்கு மட்டும் ஆள் இல்லை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த நீங்கள், கட்டைவிரலால் அமுக்கி எண்ணும் சிறு கருவி ஒன்றுடன் அங்கே போய் நின்றீர்கள். கொரோனா விழுங்கிய இரண்டு கோடைகள் போக, இருபத்தைந்து போட்டிகளுக்கும் அந்த இடத்தைவிட்டு நீங்கள் நகரவில்லை. ஓர் இறுதியாட்டத்தைக்கூட முழுமையாகப் பார்த்ததில்லை என்பதை இந்த மண்டபம் அறியட்டும்.

எண்ணுவதோடு நீங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொருவரையும் "ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டு, பதிலைத் தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பியில் எழுதினீர்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கொப்பிகள் இன்று எங்கள் மேசையில் இருக்கின்றன. ஒரு கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சியம் எங்களிடம் இல்லை.

"எங்கட கல்லூரி வெல்லுறதைப் பாக்கவெண்டு ஆர் சொன்னது? அவங்கட கல்லூரி தோக்கிறதைப் பாக்க வந்தனான்." இது செல்வமலர் அக்கா, 2003. "வீட்டில இருந்தா மனிசி புல்லு வெட்டச் சொல்லுவா, அண்ணை." இது வைலேயிலிருந்து வந்த ஒருவர், அடுத்த வரியிலேயே அவருடைய மனைவி: "வெட்டிப்போட்டுத்தான் வந்தவர். அதையும் எழுதுங்கோ." சென்னையிலிருந்து ஓகூஸ் நகருக்கு வேலைக்கு வந்த பொறியியலாளர் சீதாராமன் எந்தக் கல்லூரிக்கும் பழைய மாணவர் அல்லர். அவர் சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள்: "ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது சார். வாரத்துல ஒரு நாளாவது தமிழ்ல சத்தமா பேசணும் போல இருக்கு, அதான்."

கூட்டத்தைப் பெருக்க நாங்கள் செய்தவையும் அங்கே பதிவாகியுள்ளன. 2006இல் ஜேர்மனியிலிருந்து இரண்டு கெட்டிக்கார ஆட்டக்காரரை இறக்கினோம். முந்தைய ஆண்டைவிட ஒன்பது பேர் கூடினார்கள். 2011இல் கொத்துரொட்டிக் கடை போட்டோம்; வழக்கமாக வருபவர்களே இரண்டு தரம் சாப்பிட்டார்கள். மழை கொட்டிய 2012இல் நானூற்று முப்பது பேர். வெயில் எறித்த 2013இல் அதைவிடக் குறைவு, ஏனென்றால் டென்மார்க்கில் வெயில் எறித்தால் சனம் கடற்கரைக்குப் போய்விடுகிறது. வெற்றி, விருந்து, வானிலை என்று செயற்குழு கட்டிய கொள்கைகள் யாவும் உங்கள் கொப்பியில் ஒவ்வொன்றாக உடைந்து கிடக்கின்றன.

ஒரே ஓர் ஆண்டில் மட்டும் காரணம் எழுதும் பத்தி முழுவதும் வெறுமை. 2009 ஆகஸ்ட். போர் முடிந்து மூன்று மாதம். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் வந்தார்கள்; அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு கூட்டம் இல்லை. பந்து உருண்ட பக்கம் எவரும் பார்க்கவில்லை. கோட்டோரம் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று நீங்கள் எண்ணினீர்கள், கேட்கவில்லை.

பண்புடையவரே! பாராட்டு மடலில் சொல்லாத ஒன்றை இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு யூலையிலும் முந்நூற்றுப் பதினாறு வீடுகளுக்கு நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள். கிரின்ஸ்டெட்டுக்குச் சனிக்கிழமையில் பஸ் அரிது என்பதால், எந்தக் காரில் எத்தனை இருக்கை வெறுமை, எந்தக் கிழவரை எந்த வாசலில் ஏற்ற வேண்டும் என்பதையும் அந்த அழைப்புகளிலேயே ஒழுங்கு செய்தீர்கள். 2022 கடைசியில் நடந்த கூட்டத்தில் எங்கள் தலைவர் ரொஷான் உங்களிடம் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது: "இந்தக் காலத்தில ஆர் அண்ணை போன் எடுக்கினம்? குறூப்பில ஒரு மெசேஜ் போட்டா அரைச் செக்கனில எல்லாருக்கும் போகும்." நாங்கள் எல்லோரும் கை உயர்த்தினோம். நீங்கள், "சரி தம்பி, போகும்தான்" என்றீர்கள். இதைத் தன் பெயரை மறைக்காமல் இம்மடலில் எழுதும்படி கேட்டவர் ரொஷானேதான்.

அந்த ஆண்டு நானூற்று இரண்டு பேர் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு நூற்று எழுபத்தொன்று. பிறகு நூற்றிருபது. இந்த ஆகஸ்டில் எண்பத்தெட்டு. தொலைக்காட்சியில் வெளிநாட்டு ஆட்டம், நெடுஞ்சாலையில் திருத்த வேலை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று காரணம் அடுக்கினோம். ஆறு பக்கக் கேள்விக்கொத்து ஒன்றை இணையத்தில் அனுப்பினோம். பதினான்கு பேர் நிரப்பினார்கள். நீங்கள் வாயிலில் நின்று, வந்தவரை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எங்களில் ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் கொப்பியின் பின்பக்கத்தை நாங்கள் திருப்பிப் பார்த்தது இந்த ஆகஸ்டில்தான். அங்கே "வராதோர்" என்று தலைப்பிட்டு இன்னொரு கணக்கு. போட்டி முடிந்த திங்கட்கிழமை, வருவதாகச் சொல்லி வராத வீடுகளுக்கு நீங்கள் மறுபடி தொலைபேசி எடுத்திருக்கிறீர்கள். "இரவு வேலை." "முழங்கால்." "மகள் கதைப்பதில்லை, வெளியே வர வெட்கம்." சிலவற்றுக்கு எதிரே "போய்ப் பார்த்தது" என்று ஒரு திகதி. 2022க்குப் பிறகு அந்தப் பக்கங்களில் எழுத்து இல்லை.

நவரத்தினம் அண்ணையின் பெயரையும் அங்கே பழைய பக்கம் ஒன்றில் கண்டோம். முதற்கிண்ணத்தின் கோல் காப்பாளர், ஓய்ந்த பிறகும் கோல் கம்பத்துக்குப் பின்னால் கதிரை போட்டு இருப்பவர், தனி ஆள். 2023 ஏப்ரலில் அவருக்குப் பாரிசவாதம் வந்து, வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, டெனிஷ் திரும்பவில்லை. எங்கள் பட்டியலில் அவர் "பதில் இல்லை" என்று குறிக்கப்பட்டார். அங்கே பராமரிப்பு வேலை செய்யும் எங்கள் பொருளாளர் அருள்நாயகி, மறு ஆண்டு மார்ச்சில் அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோதுதான் அவரைக் கண்டார். பதினொரு மாதம் நவரத்தினம் அண்ணை எவரோடும் தமிழ் பேசியிருக்கவில்லை. அவர் கேட்ட முதற்கேள்வி: "மாட்ச் எப்ப, பிள்ளை? இந்த முறை ஒருதரும் அறிவிக்கேல்ல." யூனில் அவர் காலமானார். அடக்கத்துக்கு நாங்கள் பதினேழு பேர் போனோம். நீங்கள் அங்கேயும் வாசலில் நின்றீர்கள்.

இந்த ஆகஸ்டில் மூன்று அணிகளோடு கிண்ணத்தை முடித்த மாலை, பிந்தி என்றாலும், உங்களிடம் கேட்டோம். நீங்கள் சொன்னதை உங்கள் வார்த்தையிலேயே தருகிறோம்: "நான் ஒருதரையும் விளையாட்டுப் பாக்க வரச்சொல்லிக் கேக்கேல்ல, தம்பி. சனிக்கிழமை காணலாமோ எண்டுதான் கேட்டனான். ஓம் எண்டவை வந்தவை. வராட்டித் திங்கக்கிழமை நான் கேப்பன் எண்டு அவைக்குத் தெரியும்." பிறகு எழும்பும்போது சொன்னீர்கள்: "விளையாட்டை விடுறதெண்டா விடுங்கோ. ஆக்களை விட்டுடாதேங்கோ."

ஐயா, விளையாட்டை விட்டுவிட்டோம். மைதானத்தின் அடுத்த ஆண்டுப் பதிவை ஒக்டோபரில் நகரசபையான கொமூனிடம் திருப்பிக் கொடுத்தோம். மூன்று அணிகளையும் எண்பத்தெட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் இரண்டு புல்வெளிகளைக் கேட்க எங்களுக்கு முகம் இல்லை. உங்கள் அடிச்சுவட்டில் கிண்ணத்தை வளர்ப்போம் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். அந்தப் பொய்யை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட நாங்கள் விரும்பவில்லை.

ஆனால் உங்கள் பட்டியலை ஐந்து பேர் பங்கிட்டு, ஆறு வாரமாகத் தொலைபேசி எடுத்தோம். அறுபத்தொரு எண்கள் இனி எவருடையவையும் அல்ல. மீதி இருநூற்று ஐம்பத்தைந்து வீடுகளிலும் பேசினோம். எங்கள் குரலைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் கேட்டது ஒன்றே: "ஆர் செத்தது?" மூன்று ஆண்டு மௌனத்துக்குப் பிறகு ஒரு தமிழ்க்குரல் வந்தால் அது இழவுச் செய்திதான் என்று எங்கள் சனத்தைப் பழக்கிவிட்டோம். இந்நாட்டில் பிறந்த ரொஷான், தடுமாறும் தமிழில், "ஒருதரும் சாகேல்ல அன்ரி, சும்மா எடுத்தனான்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். சில வீடுகள் நம்பவில்லை. உண்மையைச் சொல்லும்படி ஓர் அம்மா அழுதார்.

அடுத்த கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது: "அப்ப நிக்கலஸ் அண்ணை எடுக்கிறவர், ஏன் நீங்கள் எடுக்கிறியள்? அவருக்கு ஒண்டும் இல்லையே?"

காதுதான் கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகமாக இருக்கிறார் என்று பதில் சொன்னோம். நீடூழி வாழ்க, நூறாண்டு வாழ்க என்ற பழகிய சொற்களுக்குப் பதிலாக, அன்புக்குரியவரே, உங்களிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்கிறோம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று இருநூற்று ஐம்பத்தைந்து வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். நெடுங்காலத்துக்கு எங்களைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள்.

வைலே, 22 நவம்பர் 2025

என்றும் உங்கள் அன்பை மறவாத,
கல்லூரிக் கிண்ண ஒன்றியத்தின் தலைவரும் செயற்குழுவினரும்,
டென்மார்க்.