கீறல் பார்க்கும் வேலை

பயணச்சீட்டின் பின்புறம் அன்றே எழுதியது: செவ்வாய் மாலை, ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து. முன் இருக்கையில் சீருடையோடு இரண்டு பெண்கள். பல் வரிசையைச் சீராக்க ஒட்டும், பல்லின் நிறம் ஊடே தெரியும் பீங்கான் கிளிப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை.

மூத்தவள் சொன்னாள்: "எனக்குக் கீறலும் தெரியல்ல, கிளிப்பும் தெரியல்ல மக்கா. கிளிப்பு வச்ச தட்டு மட்டும் தெரியுது."

"அதுக்குத்தானே ஒனக்க தட்டையும் நான் பாத்துத் தாறேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னா கேக்கியா?"

"கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுத்தா எவன் வேல தருவான்? வீட்டுல எனக்க சம்பளம்தானே."

"அழாதக்கா. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். எனக்குத்தான் ஒருத்தரையும் தெரியல்லியே."

இளையவள் சிரித்துவிட்டாள்.

மூத்தவள் கேட்டாள்: "நேத்து நீ லீவுல்லா. இன்னைக்குக் காலைல வந்து எனக்க நேத்தைக்குள்ள தட்டைப் பாத்தியா?"

"இல்லியே. தட்டு அங்க இல்ல. நீ அனுப்பாம எடுத்து வச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் வைக்கல்ல. அப்போ பாக்காமலே பேக்கிங் பெட்டிக்குப் போயிட்டு."

"சூப்பர்வைசர்ட்ட சொல்லணும்க்கா. கீறல் உள்ளது யாராவது பிள்ளைக்க வாயில ஒடையும்."

"சொன்னா என்னை வெளிய விட்டுருவாவ ஏட்டி."

பேருந்து வடசேரி நிலையத்துக்கு வந்தது. இறங்கும்போது இளையவள் மூத்தவளின் கையைப் பிடித்துப் படியைக் காட்டினாள்.

மறுநாள் இருவரில் யாராவது சூப்பர்வைசரிடம் சொன்னார்களா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.