சோவின் கீழே ஒரு கோடு

பெயர் ஜோசஃபின் மலர். வயது 53. கணவர் பெயர் குணசேகர், காலமாகிவிட்டார். வசிப்பது பெங்களூர் லிங்கராஜபுரம், மூன்றாவது குறுக்குத் தெரு. தனியார் பள்ளியில் இசை ஆசிரியை. எங்கள் பகுதித் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் பாடகர் குழுவையும் நடத்தி வருகிறேன். கன்னடம் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். ஆனேக்கல்லைச் சேர்ந்த தலைமைக் காவலர் கோவிந்தனுக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்பதால் அவர் எழுதிக்கொள்கிறார். இன்று 2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குக் காவல் நிலையத்தில் நான் சொல்வது பின்வருமாறு.

நேற்று மாலை அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள ஓர் அரங்கில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது மேடையேறி அதைத் தடுத்தேன், வெளிநாட்டுக் கலைஞரின் செல்லோ என்ற தந்தி வாத்தியத்தைச் சேதப்படுத்தினேன் என்பது என் மீதான புகார். மேடையேறியது உண்மை. செல்லோவில் விரிசல் விழுந்ததும் உண்மை.

புகார் கொடுத்திருப்பவர் லாயிட். அவரும் என் கணவரும் கோலார் தங்கவயலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எங்கள் கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். எங்கள் பாடகர் குழுவில் இருபது வருடங்களுக்கு மேல் பாஸ் என்னும் ஆண் அடிக்குரல் பாடினார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். இப்போது அவர் வெளியூர், வெளிநாட்டு இசைக்குழுக்களை வரவழைத்துக் கச்சேரி நடத்துகிறார். இந்த வார இறுதியில் வெள்ளிக்கிழமை நவீன இசை, சனிக்கிழமை ஜாஸ், ஞாயிற்றுக்கிழமை மேற்கத்திய செவ்வியல் இசை, கடைசியில் மூன்று குழுக்களும் ஒரே மேடையில் சேர்ந்து ஒரு பாட்டு என்று ஏற்பாடு செய்திருந்தார்.

என் கணவர் 2021 மே 11 அன்று கொரோனாவில் இறந்தார். அடக்கத்துக்கு ஐந்து பேருக்கு மேல் விடவில்லை. நான், லாயிட், பாதுகாப்பு உடை போட்ட மூன்று பேர் இருந்தோம். போதகர் வரவில்லை. பாட்டு வேண்டாம், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றார்கள். நான் முகக்கவசத்துக்குள் வாயை மூடியபடியே ஒரு மெட்டை முனகினேன். அது எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாதது, அந்த இடத்தில் எனக்கு வந்தது. ஆறு சுரம் முனகியபோது பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்க்க முடியாமல் தலையை மேலே தூக்கினேன். ஏழாவது சுரம் தானாக மேலே போய்விட்டது. லாயிட் என் இடது பக்கம் மூன்றடி தூரத்தில் நின்றார்.

அதன் பிறகு, முதலாண்டு நினைவு நாளில் லாயிட் வீட்டுக்கு வந்தார். "அன்னிக்கு நீ பாடினியே மலரு, அது என் காதுலயே நிக்குதும்மா. ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. குணாவ நெனச்சிக்கினு வீட்ல வாசிப்பேன்" என்றார். அதுவரை அந்த மெட்டைப் பற்றி என்னிடம் யாரும் பேசியதில்லை. கேட்ட ஒருவராவது இருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஒரு தாளில் மட்டும்தான் எழுதினேன்.

எங்கள் சபைகளில் மெட்டை டோ, ரே, மீ, ஃபா, சோ என்ற எழுத்துகளாலேயே எழுதுவோம். வெறும் சோ என்றால் டோவுக்கு மேலே; எழுத்தின் கீழே சின்னக் கோடு போட்டால் அதே சுரத்தைக் கீழே இறங்கிப் பாட வேண்டும். எங்கள் ஞானப்பாட்டுகளில் பல, கீழ் சோவில் தொடங்குபவை. அதனால் சோ என்று எழுதினாலே எங்கள் கை பழக்கத்தில் கீழே கோட்டைப் போட்டுவிடும். அன்று ஏழாவது எழுத்தான சோவுக்கு நானும் அப்படிப் போட்டுவிட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போதுதான் கவனித்தேன். காதிலேயே நிற்கிறது என்று சொன்னவரிடம் திருத்திச் சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதம் 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு லாயிட் எனக்கு நுழைவுப் பாஸ் கொடுத்தார். போனேன். சனிக்கிழமைக்குக் கேட்டதற்கு, "அது ஜாஸும்மா, உனக்குத் தலவலிதான் மிச்சம். ஞாயித்துக்கிழமையும் ஒரே கூட்டம். வீட்ல ரெஸ்ட் எடு" என்றார். அதற்கு முன் எந்தக் கச்சேரிக்கும் அவர் என்னை வராதே என்று சொன்னதில்லை. ஆனால் எங்கள் குழுவில் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ பாடும் பிரிஜெட்டிடம் இரண்டு நாளுக்கும் இரண்டிரண்டு பாஸ் இருந்தன. அவர் கூப்பிட்டதால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இருவரும் போனோம். ட்ரம்பெட் வாசித்தவர் முதல் அரைமணி நேரம் வாசித்ததைக் கேட்டு பிரிஜெட், "யக்கா, இந்தாளு இன்னும் ட்யூன்தான் பண்றாரா, இல்ல ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் வாசித்தது என் மெட்டு.

ஏழாவது சுரத்தில் ட்ரம்பெட் கீழே இறங்கியது. அது தாளிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்தது. பிரிஜெட்டிடம் நிகழ்ச்சித் தாளை வாங்கிப் பார்த்தேன். "கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் பாரம்பரிய அடக்கப் பாடல். இயற்றியவர் தெரியவில்லை. சேகரித்தவர் லாயிட்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மறுநாள் மூன்று குழுக்களும் சேர்ந்து வாசிக்கப்போவதும் அதுதான் என்று போட்டிருந்தது.

இடைவேளையில் காபி கொடுக்கும் இடத்தில் லாயிட்டைப் பார்த்தேன். "அண்ணா, இது யார் பாட்டு?" என்று கேட்டேன்.

"ஏம்மா வந்த?" என்றார் முதலில். பிறகு, "ஊர்ப் பாட்டுன்னு சொன்னாத்தான் அவங்க தொடுவாங்க மலரு. லிங்கராஜபுரம் பாட்டு டீச்சர் போட்டதுன்னா யாரு திரும்பிப் பாப்பாங்க? குணாவுக்காகத்தான் செஞ்சேன்" என்றார்.

"குணா பேர் எங்கண்ணா போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவர் காபி வாங்கத் திரும்பினார். "சோ கீழ எறங்குதே, அது தப்பு" என்றேன்.

"என்ன தப்பு? நீ அப்படித்தான் பாடின. நான் பக்கத்துலயே நின்னு கேட்டவன்" என்றார். நிகழ்ச்சித் தாளில் இருந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் குழுவை வழக்கம்போல் நடத்தினேன். மாலை நான்கு மணிக்கு பிரிஜெட்டோடு அரங்குக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் போகவில்லை. பெயரையாவது மேடையில் சொல்லித் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் பாட்டுக்கு முன் ட்ரம்பெட் வாசிப்பவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பாட்டில் ஓர் இடத்தில் சுரம் சட்டென்று கீழே விழுகிறது, அது சுரங்கத்தில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் கூண்டு இறங்குவதைக் குறிக்கிறது, நண்பர் லாயிட் இதை விளக்கியபோது தன் கண்கள் நிறைந்தன, அந்த இறக்கம்தான் பாட்டின் உயிர் என்றார். லாயிட் மேடை ஓரத்தில் கை கட்டி நின்று தலையை ஆட்டினார். கூட்டம் கை தட்டியது. என் கணவர் தபால் நிலையத்தில் எழுத்தராக வேலை செய்தவர். எந்தக் கூண்டிலும் இறங்கியதில்லை.

அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஏழாவது சுரம் வருவதற்குள் நான் பக்கவாட்டுப் படிகளில் ஏறி, ட்ரம்பெட் வாசிப்பவர் முன்னால் இருந்த ஸ்டாண்டிலிருந்து தாளை எடுத்தேன். அது என் கையெழுத்தின் ஜெராக்ஸ். மேலே ஆங்கிலத்தில் தலைப்பும் மேற்கத்திய இசைக்குறிப்பும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். என் பெயர் எழுதியிருந்த மூலையை மட்டும் மறைத்து நகலெடுத்திருந்தார்கள். நான் திரும்பியபோது சேலை முந்தானை பக்கத்து ஸ்டாண்டில் மாட்டி அது செல்லோ மேல் விழுந்தது. செல்லோ வாசித்த பெண் எழுந்து நின்று அழுதார். அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவர். வேறு யாரையும் தொடவில்லை, திட்டவில்லை. நான் எடுத்த தாளை நேற்றிரவே காவலர்கள் கைப்பற்றினார்கள். லாயிட் மைக்கில், "இவங்க எங்க ஃபேமிலி மாதிரி, கணவர் இறந்ததிலேர்ந்து மனசு சரியில்ல, மன்னிச்சிடுங்க" என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொன்னார். தமிழில் சொல்லவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு என் பள்ளித் தலைமை ஆசிரியை போன் செய்து, வழக்குப் பதிவானால் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அதன் பிறகு நான் இந்த நிலையத்துக்கு வந்தபோது லாயிட் வாசலில் நின்றார். தட்டச்சு செய்த ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அந்தப் பாட்டு பாரம்பரியமானது, மன வருத்தத்தில் என்னுடையது என்று தவறாக எண்ணிவிட்டேன் என்று நான் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. "ஒரு கையெழுத்து போடும்மா. கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்கிடறேன். வேலையும் போகாது. குணா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பான்" என்றார்.

நான் படித்துவிட்டு, அந்த மெட்டைப் பாடிக் காட்டும்படி அவரைக் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகப் பாடினார். ஏழாவது சுரத்தில் கீழே இறங்கினார். கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

தாளை அவர் இசைக்குழுவிடம் கொடுத்ததும் என் பெயரை மறைத்ததும் எனக்குச் செய்த துரோகம். ஆனால் ஏறக்குறைய நான்கு வருடங்களாக, என் கணவரின் குழிக்கு அருகில் என்னோடு ஒருவர் இருந்தார் என்று நம்பி வந்தேன். என் முனகல் அவர் காதில் விழுந்திருந்தால் தாளில் இருந்த பிழை அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அன்று கேட்கவில்லை.

மெட்டின் முதல் வரி பதிவில் இருக்க வேண்டும் என்று கேட்டதன்பேரில் இங்கே எழுதப்படுகிறது: டோ ரே மீ, மீ ரே டோ, சோ.

இதை எழுதி முடித்ததும் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானே வாங்கிப் பார்த்தேன். கடைசி சோவின் கீழே ஒரு கோடு இருந்தது. கேட்டதற்கு, "எழுத்துக்கூட்டல் தப்பாயிடக்கூடாதுன்னு, கைப்பத்தின பேப்பரப் பாத்துதான்மா எழுதினேன். அதுல இப்படித்தானே கீது" என்றார். "அந்தப் பேப்பர்ல நான் போட்டது தப்புங்க" என்றேன். அவர் அந்தக் கோட்டை அடித்தார். அதன் அருகில் சுருக்கொப்பம் இட்டேன்.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றே, உண்மையே என்று ஒப்புக்கொள்கிறேன். அடித்தல் ஒன்று.

(ஒப்பம்) ஜோசஃபின் மலர்