குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்

மீனம்பாள்: ...சிரிக்கிறாங்க கலை. செவுத்துல ஒட்டுன ஒரு சார்ட்டுக்காக ஒருத்தி புருஷன விட்டுட்டு வந்துட்டாளாம்னு ஊரே சிரிக்குது.

கலைமதி: சிரிக்கட்டும் அண்ணி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கடைக்காரரு வாசுபூஜ்யன் அண்ணன் வீட்டுக்கு சாப்பிடப் போயிருக்காரு. மூணு மணி வரைக்கும் கடைய நான்தான் பார்த்துக்கணும்.

மீனம்பாள்: ஜெராக்ஸ் எடுத்துத்தான் பொழைக்கணுமா நீ? கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கிறவன் பொண்டாட்டி...

கலைமதி: ஜெராக்ஸ் மட்டும் இல்ல. பரீட்சைக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷனும் போட்டுத் தர்றேன். நீங்க எங்க இந்தப் பக்கம்?

மீனம்பாள்: மேல்மலையனூருக்குத்தான் கெளம்புனேன். அமாவாசையில்ல... திண்டிவனத்துலயே பஸ்ஸு நெறஞ்சிதான் வருது. செஞ்சில எறங்கி உன்னப் பார்த்துட்டுப் போலாம்னு...

கலைமதி: நான் வீட்ட விட்டு வந்து பன்னண்டு நாளாச்சு, அப்பல்லாம் தோணல. இன்னிக்கு அங்காளம்மா தோண வெச்சிட்டா.

மீனம்பாள்: குத்திப் பேசாதம்மா. என் தம்பி குடிக்கிறானா, கை நீட்டுறானா? காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கோட்டை அடிவாரம் வரைக்கும் ஓடிட்டு வர்றான். பீமாராவ் மாதிரி ஒழுங்கா இருக்கிறவன் இந்த செஞ்சில எத்தினி பேரு?

கலைமதி: ஒருத்தரும் இல்ல. அவரு அஞ்சு மணிக்கு ஓடணும்னா நாலரைக்கு நான் எழுந்து வெந்நீர் வெக்கணும். ஆறுக்கு தியானம் பண்றப்ப பாத்திரம் உருட்டக் கூடாது. ஏழுக்கு பேப்பர் படிக்கிறப்ப மிக்ஸி போடக் கூடாது. அப்டி ஒழுங்கு அது.

மீனம்பாள்: ஒரு லட்சியம் வெச்சி வாழுறவன் அப்டித்தான் இருப்பான்.

கலைமதி: அந்த சார்ட்ட நீங்க கிட்ட போய் பார்த்திருக்கீங்களா அண்ணி? நாலு கட்டம். உடம்பு, வேலை, மனசு, குடும்பம். வாழ்க்கை ஒரே பக்கமா சாஞ்சிடக் கூடாதாம். குடும்பம்னு போட்ட கட்டத்துலதான் நான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சுலேந்து ஆறு வரைக்கும். ஆறு அடிச்சிடுச்சின்னா நான் பேசிட்டிருக்கும்போதே எழுந்து போய் டிக் போடுவாரு.

மீனம்பாள்: எம் புருஷன் முப்பது வருஷத்துல மொத்தமா சேர்த்தே ஒரு மணி நேரம் எங்கிட்ட பேசியிருக்க மாட்டாரு. நான் யார் கடையில போய் உக்காந்துக்கிறது?

கலைமதி: ...அதுக்காக நான் வரல.

மீனம்பாள்: பின்ன இன்னாத்துக்கு? அவன கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறான். நீயாவது சொல்லு. தெரிஞ்சாத்தானே நான் நடுவுல பேச முடியும்?

கலைமதி: உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?

மீனம்பாள்: எனக்கு... எனக்கு எப்டிம்மா தெரியும்?

கலைமதி: சரி, சொல்றேன். கல்யாணமான புதுசுல மொத சார்ட்ட நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுனோம். அதுல ஒரே ஒரு லட்சியம்தான். ரெண்டு பேரும் குரூப் ஃபோர் எழுதுறது. யாருக்கு வருதோ அவங்க வேலைக்குப் போறது, இன்னொருத்தர் வீட்ட பார்த்துக்கிறது. அவருதான் சொன்னாரு, நான் சொல்லல. கீழ ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். ஒரே புக்க நடுவுல வெச்சிக்கிட்டு படிச்சோம் அண்ணி. நான் கேள்வி கேப்பேன், அவரு பதில் சொல்வாரு. அவருக்கு வராத கணக்கெல்லாம் எனக்கு வரும்.

மீனம்பாள்: நீ நல்லா படிப்பேன்னு அம்மாவே சொல்லும்.

கலைமதி: பரீட்சை எழுதிட்டு வந்த மாசம்தான் அத்தைக்கு வாதம் வந்துச்சு. ஒரு பக்கம் கையும் காலும் போச்சு. அப்புறம் ரிசல்ட்டு வந்துது. நான் அத்தைய குளிப்பாட்டிட்டு இருந்தேன். அவருதான் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் பார்த்துட்டு வந்தாரு. ரெண்டு பேருக்கும் வரலன்னாரு. சொல்லிட்டு தேம்பித் தேம்பி அழுதாரு. தோத்துட்டமேன்னு அழுவுறாருன்னு நெனச்சி நான்தான் தலைய தடவிக் குடுத்தேன். அடுத்த தடவ கண்டிப்பா வரும், விடுங்கன்னேன்.

மீனம்பாள்: வந்துச்சில்ல? அடுத்த தடவையே பாஸாயிட்டான்.

கலைமதி: அவரு பாஸானாரு. நான் எழுதல. அத்தைய புரட்டிப் போட்டு முதுகுல பவுடர் போடவே பொழுது போயிடும். மூணு வருஷம். நீங்க மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஆரஞ்சு வாங்கிட்டு வருவீங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடுவீங்க.

மீனம்பாள்: எனக்கும் இடுப்பு வலிம்மா... மாமியாரு, மாடு கன்னுன்னு...

கலைமதி: நான் கொற சொல்லல. நடந்தத சொல்றேன். அத்தை போயி வருஷம் திரும்பிடுச்சி. போன மாசம் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கலாம்னாரு. பீரோவ காலி பண்ணேன். அவரு டைரியெல்லாம் வருஷ வாரியா அடுக்கி வெச்சிருந்தாரு. நாங்க பரீட்சை எழுதுன வருஷத்த எடுத்து சும்மா பிரிச்சேன். அப்பல்லாம் எப்டி சந்தோஷமா இருந்தோம்னு பார்க்கலாம்னுதான் அண்ணி பிரிச்சேன்.

மீனம்பாள்: ...தண்ணி இருக்குதா? நாக்கு வறண்டு போச்சு.

கலைமதி: இந்தாங்க. ரிசல்ட்டு வந்த மாசத்துல ஒரு நாள் எழுதியிருந்தாரு. 'கலைக்கு மெசேஜ் வந்தது. சொல்லலாமா?' அவ்ளோதான். அப்ளிகேஷன்ல அவரு நம்பரதான் குடுத்திருந்தோம். எங்கிட்ட அப்ப போனு இல்ல.

மீனம்பாள்: அது வேற எதனா மெசேஜா இருக்கும். உடனே தப்பா நெனச்சிட்டியா?

கலைமதி: இதே கம்ப்யூட்டர்ல உக்காந்து என் பழைய பரீட்சை நம்பர போட்டுப் பார்த்தேன் அண்ணி. நான் பாஸ். சர்ட்டிபிகேட்ட கொண்டாரச் சொல்லிக் கூப்ட்டிருக்காங்க. வராததால பேரு போச்சு. அவருக்கு வரல. எனக்கு வந்துச்சு. அத மறச்சிட்டு எம் மடியில படுத்து அழுதிருக்காரு.

மீனம்பாள்: அந்த நேரத்துல அவன் இன்னாம்மா பண்ணுவான்? படுக்கையில அம்மா. பத்தே நாள் டயம் குடுத்தாங்க. அதுக்குள்ள எத யோசிக்கிறது?

கலைமதி: பத்து நாள்னு நான் சொல்லலியே. குடிங்க அண்ணி. தண்ணி அப்டியே இருக்குது.

மீனம்பாள்: கலை... நீ அவங்கிட்ட திரும்பிப் போறேன்னு சொல்லு. நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்.

கலைமதி: போக மாட்டேன். எங்கூட படிச்ச சுமலதா வீட்டு மாடியில ஒரு ரூம் பார்த்திருக்கேன். இந்த வருஷத்து பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு. இப்ப எனக்குன்னு ஒரு போனும் இருக்குது. அதெல்லாம் முடிஞ்சி போன பேச்சு. நீங்க சொல்றதா இருந்தா சொல்லுங்க, இல்லன்னா மலையனூரு பஸ்ஸு ஒண்ணரைக்கு.

மீனம்பாள்: அவன் மேல மட்டும் பழிய போடாதம்மா. அந்த மெசேஜ் வந்த அன்னிக்கே எனக்கு போன் பண்ணான். கலைக்கு வந்திருக்குதுக்கா, சொல்லிடட்டுமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். அவ வேலைக்குப் போயிட்டா அம்மாவுக்கு யாருடா பீ மூத்திரம் அள்றதுன்னேன். என்னால ஆவாது, என் தலையில கட்டிடாதன்னேன்... அழிச்சிடுடான்னும் நான்தான் சொன்னேன். அவன் மனசு உங்கிட்ட சொல்லத்தான் துடிச்சிருக்கும். உன் வாழ்க்கைய கெடுத்தவ நான். என்ன வெட்டிப் போடு, அவன ஒண்ணும் சொல்லாத.

கலைமதி: நீங்க சொன்னது எனக்கு பன்னண்டு நாளா தெரியும் அண்ணி. அடுத்த வரியிலயே எழுதியிருந்தாரு. 'அக்காகிட்ட கேட்டேன். வேணாம்னு சொல்லிட்டாங்க. இப்பதான் நிம்மதியா இருக்குது.'