காத்தாடி வைத்த பெட்டி

ராவாங் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சொன்னதைக் கேட்டுத்தான் போனிலிருந்து தலை நிமிர்ந்தேன்.

“வீட்ல காத்தாடி ஓடலன்னாலும் பரவால்ல. நான் வாங்குற ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ள காத்தாடி ஓடணும். சூடேறுனா டிஸ்க் கெட்டுரும்.”

“நாலு டிஸ்க் போடுற பெட்டி ரொம்ப வெல லா, அண்ணி.”

“நாலு யாரு கேட்டா? ரெண்டு போதும். ஒன்னுல பதியிறது இன்னொன்னுலயும் பதியணும். ஒன்னு செத்தாலும் இன்னொன்னு இருக்கும்.”

“எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே?”

“அது பழசு, எப்ப படுக்கும்னு தெரியாது. நம்ம தோட்டத்து லயத்துல ஒரு வீடு விடல. பொறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, சர்ச் கல்யாணப் படம், எல்லாத்தையும் நானே மறுபடி ஸ்கேன் பண்ணிருக்கேன்.”

“போன தடவ தம்டிரைவ்ல போட்டு தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட கொடுத்தோமே.”

“அதான் தப்பு. கிராணி கேட்டா கையில இருக்கிற ஒன்னையும் நீட்டிருவோம். தொலஞ்சிபோச்சுன்னாரு. அப்புறம் மேனேஜரு, நீங்க இங்க இருந்ததுக்கே ஆதாரம் இல்ல, வீட்டக் காலி பண்ணுங்கன்னாரு.”

ராவாங் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

“இந்தத் தடவையும் ஆபீசுக்குக் கொண்டு வரச் சொன்னா?”

“பெட்டி வீட்ட விட்டு நகராது. மேனேஜர வரச் சொல்லு. என் வீட்ல, என் நாற்காலியில உக்காந்து ஒவ்வொன்னா பாக்கட்டும். வேர்த்தா வேர்க்கட்டும். காத்தாடி பெட்டிக்குத்தான்.”