வெள்ளிக்கிழமைப் பொட்டு

குன்னூரில் ஐப்பசி மாதம் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, கழுவிய போட்டோவும் காயாது. நெகட்டிவில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. உன் அப்பனும் கேட்கவில்லை.

நேற்று உன் கல்யாண மேடையில் உன் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு உன் மாமன் ஆறுச்சாமி, "ஏனுங்க, இது எங்கக்கா இல்லீங்களே" என்றார். அவள் சாவுக்கு வந்துபோனவர், இருபது வருஷம் கழித்து வந்திருக்கிறார். ஆனாலும் சொன்னது சரி. நீ கேட்டதால் சொல்கிறேன். உட்கார்.

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தாலி இறங்கியது. ஜஸ்டஸ் சாரின் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். படங்களை வெட்டி, ஒட்டி, ஓரத்தில் மை தடவி, மறுபடி படம் எடுப்பது வேலை. செத்த கணவனை மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். "தங்கமணி கை பட்டா எமனே திருப்பி அனுப்பிடுவான்" என்பார் சார்.

உன் அப்பன் மயில்சாமி கல்யாணத்துக்கும் சார்தான் படம் எடுத்தார். நான் தம்பி பக்கத்தில் போய் நின்றேன். மணப்பெண் மருதாம்பாள், உன் அம்மா, மெதுவாகச் சொன்னாள்: "நங்கை, நீங்க கொஞ்சம் அந்தண்டை நில்லுங்க. படம் எடுத்ததும் வாங்க."

நாத்தனாரை நங்கை என்று அழைத்து மரியாதையாகத்தான் சொன்னாள். தாலி இழந்தவள் கல்யாண குரூப்பில் நிற்கக் கூடாது. அந்தண்டை போனேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தில் என்னை ஒட்டிப் பார்த்தேன். என் வெள்ளைச் சேலை கண்ணைக் குத்தியது. ஒரு பட்டுச் சேலை தேவைப்பட்டது. மருதாம்பாளின் சேலை எனக்கு அளவாக இருந்தது. படத்தில் அவள் தலையை வெட்டி என் தலையை வைத்தேன். அவள் தலை அடுப்புக்குப் போனது. நெகட்டிவும் போனது. வீட்டில் பூஞ்சை என்றேன்.

நான் இப்படி ஒட்டித் தருவேன் என்ற பேச்சு மெல்லப் பரவியது. எஸ்டேட்டிலிருந்து இசக்கியம்மா மகனின் கல்யாணப் படத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். "என்னைய நடுவுல நிப்பாட்டிரு தாயி. அந்தச் சம்பந்தக்காரி மூஞ்சி மறையணும்." மறைத்தேன். அவளுக்குப் பின் பதினாறு பேர். எல்லாரும் தாலி இழந்தவர்கள். இந்த ஊரில் சுவரில் மாட்டிய கல்யாணம் வேறு, பெட்டிக்குள் இருக்கும் கல்யாணம் வேறு.

உன் அம்மாவின் வளைகாப்பு, உன் மொட்டை, உன் காதுகுத்து. மூன்றிலும் பூஞ்சை. "பூஞ்சைக்கும் என்னையத்தான் புடிக்குதாட்ட இருக்குதுங்க நங்கை" என்று சிரித்தாள். நல்ல பெண்.

சீனச் சண்டை வந்த வருஷம் டைபாய்டில் போனாள். உனக்கு மூன்று வயது. மாலை போடப் படம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் கேமரா முன்னால் நின்றதில்லை. ஆகவே நானே ஒரு முகம் செய்தேன். மூக்கு இசக்கியம்மாவுடையது. தாடை போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துடையது. கண்ணும் நெற்றியும் நான் யாரிடமும் வாங்கவில்லை. கீழே அவளுடைய கல்யாணச் சேலை.

உன் அப்பன் வெகுநேரம் பார்த்தான். "அக்கா, உன்ற சாயலாட்ட இருக்குதே."

"ஒரே ஊட்ல அஞ்சு வருசம் இருந்தா சாயல் வந்துருமப்பா."

அழுதுகொண்டே மாட்டினான்.

சுமங்கலியாகப் போனவள் என்று வெள்ளிதோறும் நீ ஸ்டூலில் ஏறி அந்த நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாய். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். என் நெற்றி குளிரும். நேற்றைய குரூப் போட்டோவிலும் உன் பக்கத்தில் அந்தப் படம் விழுந்திருக்கிறது. யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

"அப்ப எங்கம்மா எப்படித்தான் இருந்தாங்க, அத்தை?" என்று கேட்கிறாய். நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். சேலையின் கரை நினைவுக்கு வருகிறது. முகம் வரவில்லை.

அந்தப் படத்தை மட்டும் இறக்கிவிடாதே. உன் அம்மாவிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சேலையை அப்படியே விட்டிருக்கிறேன், பார்.