சீமாட்டி ஏறிய மாவுக்கட்டு

கால் நீட்டி உட்காருங்கள் அக்கா. அந்த முக்காலியை அதற்காகத்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் படியேறி வரும்போதே உங்கள் முழங்கால் டக்கு டக்கென்று போட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. தலைமையாசிரியை வேலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

உங்கள் சின்னத் தம்பியின் துணிமணிகளை எடுத்து வைக்கப் போனவர், கையில் ஒரு ரப்பர் துண்டோடு திரும்பி வந்திருக்கிறீர்கள். ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற ரப்பர் அது. பிள்ளைகளின் பையில் பிடிபட்ட பொருளை வைப்பதுபோல மேசைமேல் வைத்து, "இது எப்படி பூனையோட கூடைக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. ஆனால் முதலில் சீமாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சீமாட்டி எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் துண்டு அடுக்கி வைக்கும் அலமாரியில் கிடைத்த குட்டி. கைக்குள் அடங்கிவிடுவாள். அப்போதே அவளுக்கு வெதுவெதுப்பான துண்டுதான் வேண்டும், மடித்து வைத்த துண்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அவளை வளர்த்தது நான் என்று என் வீட்டுக்காரர், உங்கள் பெரிய தம்பி, எல்லாரிடமும் சொல்வார். உண்மையில் என்னை வேலை வாங்கி வளர்ந்தவள் அவள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டில் வாதம் வந்துவிட்டது. ஜன்னல் திண்டுக்குத் தாவுகிறவள், அதன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். உடம்பைக் குறுக்கி, குறி பார்த்து, கடைசியில் வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து போய்விடுவாள். முதுகை நக்கிச் சுத்தம் செய்ய அவளால் திரும்ப முடியவில்லை. மணல் தட்டின் விளிம்பைத் தாண்டும்போது மெல்ல ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். ஊரார் மூட்டுகளையெல்லாம் நீவிவிடுகிற என்னால், என் வீட்டில் இருக்கிற ஒரு மூட்டுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கால்நடை டாக்டர் நல்லவர். "குணமாகாதும்மா. வலியக் கொறைக்கலாம், அவ்வளவுதான். கதகதப்பா, ஆட்டம் அசைவு இல்லாத எடமா பாத்துக் குடுங்க. தாவ விடாதீங்க" என்றார். மாத்திரையும் கொடுத்தார். மீனுக்குள் ஒளித்து வைத்தேன். மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையைக் கழுவித் துடைத்ததுபோலத் தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். வெந்நீர்ப் பை வைத்தேன், வெறுந்தரையில் போய்ப் படுத்தாள். காலைப் பிடித்து மெதுவாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு கிளினிக்குக்கு வருகிற ஒரு பாட்டியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல அவரு எப்படி?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் உங்கள் சின்னத் தம்பி மைதானத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டு இங்கே வந்தார். கால்பந்து நடுவருக்குக் கால்தான் சோறு. வீட்டில் பிசியோதெரபி படித்த அண்ணி இருக்கும்போது வேறு எங்கே போவார்? இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் சாய்ந்து, இதே முக்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

சீமாட்டி வந்தாள். மாவுக்கட்டை முகர்ந்து பார்த்தாள். முக்காலி தாழ்வாக இருந்ததால் முன்னங்காலை வைத்து மெல்ல ஏறினாள். பிறகு அந்தக் கட்டின்மேலேயே நடந்து மடிக்குப் போனாள். தாவவில்லை அக்கா, நடந்தாள். நகம் பதிகிற மாதிரி சொரசொரப்பு, இடுப்பை நோகடிக்காத சாய்வு. எங்கள் கிளினிக் வாசலில் சக்கர நாற்காலிக்குப் போட்டிருக்கிற சரிவுகூட இவ்வளவு கச்சிதம் இல்லை. மேலே போனால் சூடான தொப்பை. அதன் சொந்தக்காரரோ அசைய முடியாதவர். டாக்டர் கேட்டது அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தது. அன்று அவள் கர்ர்ரென்று போட்ட சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

கட்டைப் பிரிக்கிற நாள் வந்தபோது எலும்பு டாக்டர் என்னிடம், "வலி இருக்கா அவருக்கு?" என்று கேட்டார். ஊகமாகச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. அதனால் கட்டுக்கு வெளியே தெரிந்த இடத்தில், எங்கே அழுத்தினால் யாருக்கும் வலிக்குமோ அங்கே கட்டைவிரலால் அழுத்தினேன். "ஐயோ அண்ணி" என்றார் நடுவர். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னது டாக்டர், நான் இல்லை.

பிறகு ஒருவழியாகக் கட்டைப் பிரித்தார்கள். அந்தக் காலின்மேல் கெட்டியான துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டேன், நகம் பிடிக்க ஏதாவது வேண்டுமே. பயிற்சியும் ஒழுங்காகக் கொடுத்தேன், ஒரு நாள்கூட விட்டதில்லை. நல்ல காலுக்கு.

சில வாரத்தில் நல்ல கால் பயில்வான் கால் மாதிரி ஆகிவிட்டது. மற்றது முருங்கைக்காய் மாதிரி தொங்கியது. நடுவருக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது.

"அண்ணி, ஒடஞ்சது இந்தக் கால்தானே?"

"அதுக்கு ஓய்வு குடுக்கத்தானே இதுக்கு வேலை குடுக்கிறோம்?"

இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். முடிவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று மைதானத்தில் எல்லாருக்கும் சொல்கிறவர் இல்லையா, அந்தப் பண்பு அவரிடமும் இருந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

பிரச்சினை அந்த இறுதிப்போட்டியால் வந்தது. ஆயுசுக்கும் அவர் காத்திருந்த ஆட்டம், அவர்தான் நடுவர் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். உடனே மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கூடத்தில் தானாகவே நடந்து பழகியிருக்கிறார். ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்து பார்க்கிறேன், நாற்காலி காலியாக இருக்கிறது. சீமாட்டி முக்காலிமேல் ஏறி நின்று, எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாவப் பார்த்து விழுந்தாள். அந்த மெல்லிய சத்தத்தைப் போட்டாள். நடுவரோ, "அண்ணி, பாத்தீங்களா, நானே நடக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு மனிதருக்கு இவ்வளவு சுயநலம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அவர் பல் துலக்கும்போது ரப்பரைக் கழற்றியது நான்தான். கூடத்துத் தரை எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். மைதானத்தில் இருபத்திரண்டு பேர் கால்களுக்கு நடுவே யார் யாரை இடறிவிட்டார்கள் என்று கண் இமைக்காமல் கண்டுபிடிக்கிற மனிதர், தன் விஷயத்தில் கடைசிவரை தரையைத்தான் குறை சொன்னார். இந்த முறை உடைந்தது நல்ல கால். அதை அவ்வளவு பலமாக ஆக்கி வைத்திருந்ததால்தான் ஒரு இடத்தில் உடைந்ததோடு போயிற்று என்று எலும்பு டாக்டரே சொன்னார். அதற்கு யாரும் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கழற்றிய ரப்பரை அன்றைக்கே குப்பையில் போட்டிருக்கலாம். போடத்தான் போனேன். கை தவறிக் கீழே விழுந்து உருண்டது. சீமாட்டி முன்னங்காலால் அதைத் தட்டினாள். அது உருள, பின்னாலேயே போய் இன்னொரு தட்டுத் தட்டினாள். வாதம் வந்த பிறகு அவள் விளையாடி நான் பார்த்ததே இல்லை. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட எனக்கு மனசு வருமா? நீங்களே சொல்லுங்கள். அதனால்தான் அது கூடையில் இருந்தது.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறாராம். நல்ல மாவுக்கட்டு, புதிது. அது அங்கே வீணாகக் கிடக்கப் போகிறது. போகட்டும், எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்துப் பழக்கம் இல்லாதவள் நான்.

ஐயோ, அசையாதீர்கள் அக்கா. சீமாட்டி ஏறுகிறாள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள், உங்களைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. இதோ மடிக்கு வந்துவிட்டாள், கண்ணையும் மூடிவிட்டாள். பாருங்கள், உங்கள் மடி அவர் மடியைவிட அகலம்.

கிளம்ப வேண்டும் என்றால் தாராளமாகக் கிளம்புங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த முழங்காலோடு படியில் பார்த்து இறங்குங்கள். நீங்கள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது படி முழுக்க சோப்புப் போட்டுத் துடைத்தேன், இன்னும் காய்ந்திருக்காது.